சிறைப்பட்ட நிழலின் சாட்சியம்

சேலத்திலிருந்து சேர்வராயன் மலை மீது ஏறுவோர் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, ஏறத்தாழ 5,000 அடி உயரத்திலுள்ள ஏற்காட்டை அடைகின்றனர். வழிநெடுகிலும் காப்பிச் செடிகள். அவற்றுக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்கள். அம்மரங்களைத் தழுவி ஏறும் மிளகுக் கொடிகள். பார்ப்பவர் உள்ளம் மகிழ்ந்து, 'படைத்தவன் இம்மலையை இப்படியே படைத்தான்' என்று சொல்லிச் செல்கிறது. படைத்தவன் அவனே, ஐயமில்லை. எனினும் இப்படியே படைத்தான் என்பது வரலாற்றுக்கு ஒவ்வாது. இங்குக் காப்பிப் பயிரை அறிமுகம் செய்தவர், 1820களில் சேலம் மாவட்டக் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை என்பர். அக்காப்பியோ அபிசீனியாவில் தோன்றி, அரபு நாட்டின் யமனில் பயிராகி, 'கஹ்வா' என்று பெயர் பெற்று உலகெங்கும் பரவியது. பாபா புதன் என்னும் இறைநேசர் ஹஜ்ஜை முடித்துத் திரும்புகையில் ஏழு விதைகளைக் கொணர்ந்து சிக்மகளூர் மலையில் ஊன்றினார் என்பது வழிவழி வந்த செய்தி. சில்வர் ஓக் ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரை மரம். இவையெல்லாம் வந்தேறிகளாயின், சேர்வராயன் மலையின் மூல உருவம் எது?

இது வெறும் வாய்ப்பேச்சு வினாவன்று. உலகின் வேறு பகுதிகளில் இதே வினாவைக் கையில் எடுத்துக்கொண்டு, பெரும் பொருள் செலவிட்டு, பல்லாண்டுகள் ஆராய்ந்து விடை தேடுகின்றனர். அவர்கள் தேடுவது மலையின் மூல உருவத்தையன்று. கோல்ஃப் மைதானங்களின் மூல உருவத்தை. ஒரு மௌலவிக்கும் கோல்ஃப் ஆட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று வாசக நேயர்கள் புன்முறுவல் பூக்கலாம். ஆட்டம் என் பொருளன்று. அந்த ஆராய்ச்சிக்குள் சாட்சியம் பற்றிய ஒரு பெரும் பிரச்சினை ஒளிந்து கிடக்கிறது. நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அதை நுணுகி ஆய்ந்திருக்கின்றனர். அதற்காகவே இக்கட்டுரை.

கோல்ஃப் என்பது ஸ்காத்லாந்துக் கடற்கரை மணல்வெளியில் வளர்ந்த ஆட்டம். சிறு பந்தொன்றைக் கோலால் அடித்து, பரந்த புல்வெளியினூடே நடந்து, தொலைவிலுள்ள குழியில் விழச் செய்ய வேண்டும். முழு மைதானத்தில் இத்தகைய குழிகள் பதினெட்டு. இடையிடையே பந்தைச் சிக்கவைக்கும் மணற்பள்ளங்கள் உண்டு. ஆங்கிலேயர் சென்றவிடமெல்லாம் இதையும் கொண்டு சென்றனர். பிரிட்டனுக்கு வெளியே மிகப் பழைமையான கோல்ஃப் சங்கம் நம் கல்கத்தாவில் 1829-இல் தோன்றியது. கோடைக்கானலில் 1895-இல் ஒன்று ஏற்பட்டது. உதகையிலும் வென்லாக் புல்வெளியில் ஆடினர். இவ்வாட்டத்துக்கும் பிற ஆட்டங்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. கால்பந்துத் திடலுக்கு அளவு வரையறுக்கப்பட்டிருக்கிறது. ஒன்று அழிந்தால் அதே அளவில் இன்னொன்று அமைத்துவிடலாம். கோல்ஃப் மைதானமோ நிலத்தின் மேடு பள்ளத்தோடு ஒட்டிப் பிறப்பது. ஒன்றுபோல் மற்றொன்று இராது. வரைந்தவனின் உள்ளம் அந்த மண்ணில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் மண் வளர்கிறது, மரம் அடர்கிறது, சங்கத்துக் குழுவினர் ஆளுக்கொரு பள்ளத்தைத் தூர்த்து ஆளுக்கொரு மரத்தை நடுகின்றனர். ஐம்பது ஆண்டுகளில் முதல் எழுத்து மறைந்துவிடுகிறது. ஓலைச்சுவடியை ஒருவர் பார்த்து ஒருவர் பெயர்த்தெழுதும்போது பாடபேதம் புகுவதைப் போன்றதே இது.

மூலபாடத்தை மீட்க விரும்புவோர் பழைய நிழற்படங்களைத் தேடிப் புறப்படுகின்றனர். சங்கத்தின் அலமாரிகள், பழைய செய்தித்தாள்கள், அஞ்சலட்டைகள், இராணுவ விமானங்களிலிருந்து எடுத்த படங்கள் ஆகிய யாவும் துருவப்படுகின்றன. படத்தில் நிற்கும் மனிதனைக் கொண்டு மேட்டின் உயரத்தை மதிப்பிடுகின்றனர். விழுந்திருக்கும் நிழலின் நீளத்தைக் கொண்டு பள்ளத்தின் ஆழத்தை ஊகிக்கின்றனர். பின்னணியில் தெரியும் மலைமுகடு, பாறை, கோபுரம் போன்ற மாறாத பொருள் ஒன்றைப் பற்றிக்கொண்டு, படம் எடுத்தவன் எங்கே நின்றான் என்று கண்டு, அங்கே சென்று தாமும் நிற்கின்றனர். பிறகு மண்ணைத் துளைத்து, தூர்க்கப்பட்ட பள்ளத்தின் பழைய மணல் கிடைக்கிறதா என்று பார்க்கின்றனர். கிடைத்துவிட்டால் படமும் மண்ணும் ஒன்றுக்கொன்று சாட்சியாகின்றன. இவ்வளவு பொறுமையை ஒரு விளையாட்டுத் திடலுக்குச் செலவிடுவதா என்று முதலில் எனக்குத் தோன்றியது உண்டு. ஆயினும் முறையைக் கேட்கக் கேட்க, ஹதீஸ் கலையின் மாணவன் எவனும் அதற்கு மரியாதை செலுத்தாமல் இருக்க முடியாது.

படம் எத்தகைய சாட்சி? நிழற்படம் ஆகுமா ஆகாதா என்று நம் உலமாக்களிடையே நடந்த நீண்ட வாதத்தை இங்கே கிளற வேண்டியதில்லை. எகிப்தின் முஃப்தியாக விளங்கி 1935-இல் மறைந்த ஷெய்கு முஹம்மது பகீத் அல்முதீஈ அவர்கள், அதை 'நிழலைச் சிறைப்பிடித்தல்' என்று வருணித்தார்கள். மனிதன் கையால் உருவாக்குவதன்று, ஏற்கெனவே இருக்கும் நிழல் தப்பிச் செல்லாமல் தடுத்து வைப்பதே என்பது அவர்கள் கருத்து. சட்டத் தீர்ப்பை ஏற்பவர் ஏற்கட்டும், மறுப்பவர் மறுக்கட்டும். வருணனை மட்டும் மிகப் பொருத்தமானது. சிறைப்பட்டவன் தான் பிடிபட்ட நொடியைப் பற்றி மட்டுமே பேச முடியும். முன்னும் அறியான், பின்னும் அறியான்.

ஹிஜ்ரி 643-இல் டமாஸ்கஸில் மறைந்த இமாம் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் தமது 'முகத்திமா'வில், ஒரு செய்தி ஒருவரிடமிருந்து மற்றொருவரை அடையும் வழிகளை எட்டாக வகுத்தார்கள். ஆசிரியரின் வாய்மொழியைக் காதால் கேட்பது முதல் வழி, எல்லாவற்றிலும் உயர்ந்தது. கடைசி வழிக்கு 'விஜாதா' என்று பெயர். கண்டெடுத்தல் என்பது பொருள். ஆசிரியர் மறைந்துவிட்டார், அவர் கையெழுத்தில் ஓர் ஏடு எவர் பெட்டியிலோ கிடைக்கிறது, எடுத்தவன் அவரைக் கண்டதுமில்லை, அவரிடம் கேட்டதுமில்லை. அவன் என்ன சொல்லலாம்? இன்னாருடைய கையெழுத்தில் கண்டேன் என்று சொல்லலாம். இன்னார் எனக்கு அறிவித்தார் என்று சொல்லலாகாது. கையெழுத்து அவருடையதுதானா என்பதில் உறுதியில்லையெனில், அவ்வளவுகூடச் சொல்லலாகாது. இன்னாரிடமிருந்து எனக்கு எட்டியது என்று தளர்த்திச் சொல்ல வேண்டும். ஒரு வினைச்சொல்லின் தேர்வில் இத்தனை கண்டிப்பு! பழைய நிழற்படம் முழுக்க முழுக்க விஜாதாவே. எடுத்தவன் இல்லை, எதற்காக எடுத்தான், எதைச் சட்டத்துக்கு வெளியே விட்டான் என்று கேட்க ஆளில்லை.

சேர்வராயன் மலை நிற்கும் சேலம் மாவட்டத்துக்கே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு உண்டு. லின்னேயஸ் டிரைப் என்னும் இராணுவ அதிகாரி 1856-இல் சென்னை அரசாங்கத்தின் நிழற்படக்காரராக நியமிக்கப்பட்டார். மதுரை, தஞ்சை, திருச்சி, புதுக்கோட்டை முதலான இடங்களைப் படமெடுத்த அவர், இராயக்கோட்டையையும் சேலம் மாவட்டத்தின் வேறு சில இடங்களையும் எடுத்த படங்கள் 1858-இல் தொகுப்பாக வெளிவந்தன. இராயக்கோட்டை இன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தைச் சேர்ந்தது. அவர் பயன்படுத்தியது மெழுகிட்ட காகிதம். ஒளியை மெல்ல மெல்லவே உண்ணும். ஆகவே கோட்டையும் பாறையும் துல்லியமாகப் பதிந்தன. அவ்வழியே நடந்து சென்ற மனிதனும் மாடும் பதியவேயில்லை. சந்தை நாளில் எடுத்திருந்தாலும் ஊர் வெறிச்சோடியிருக்கும்! இன்னொன்றும் உண்டு. வானம் வெறும் வெளுப்பாகப் பதிவதைப் பொறாமல், அவர் அம்மெழுகுக் காகிதத்தின் மீதே தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். ஹதீஸ் கலையில் இதற்குப் பெயர் 'இத்ராஜ்': அறிவிப்பாளர் தம் சொல்லை மூலத்தினிடையே இழைத்துவிடுதல். பொய் சொல்ல வேண்டுமென்ற நோக்கமில்லாமலே, விளக்கத்துக்காகவோ அழகுக்காகவோ இது நிகழ்வதுண்டு. பொறுக்கியெடுத்துக் காட்டுவது பின்வந்த அறிஞர் கடமை. டிரைப் துரையின் வானத்தைக் கண்டு அன்றைய பருவநிலையை எழுதுபவன் மேகத்தை நம்பி ஏமாந்தவனாவான்.

மீட்பு வேலையில் மிகப் பெயர் பெற்றது அமெரிக்காவின் பைன்ஹர்ஸ்ட் என்னும் ஊரிலுள்ள இரண்டாம் எண் மைதானம். டொனால்டு ராஸ் என்னும் ஸ்காத்லாந்துக்காரர் வகுத்தது, 1907-இல் திறக்கப்பட்டது. காலப்போக்கில் வழியெங்கும் பச்சைப் பசேலென்ற புல் வளர்க்கப்பட்டு, பழைய மணற்பரப்பும் காட்டுப் புல்லும் மறைந்தன. 2010, 2011-ஆம் ஆண்டுகளில் பில் கூர், பென் கிரென்ஷா என்னும் இருவர் அதை மீட்டனர். 1943-இல் விமானத்திலிருந்து எடுக்கப்பட்ட படங்கள் அவர்களுக்கு வழிகாட்டின. நிலத்தடியில் புதைந்திருந்த பழைய நீர்க்குழாயின் போக்கும் துணை நின்றது. சுமார் 35 ஏக்கர் புல்லைப் பெயர்த்தெறிந்தனர். 2014-இல் அமெரிக்காவின் ஆடவர், மகளிர் தேசியப் போட்டிகள் இரண்டும் அங்கே அடுத்தடுத்த வாரங்களில் நடந்தன.

எல்லாம் சரி, ஆனால் 1943 எப்படி மூலமாகும்? ராஸ் அம்மைதானத்தை 1907-இல் முடித்துவிட்டுப் போய்விடவில்லை. 1948-இல் இறக்கும்வரை அதைத் திருத்திக்கொண்டேயிருந்தார். 1930களின் நடுப்பகுதி வரை குழிகளைச் சுற்றிலும் புல்லே இல்லை, மணல்தான் இருந்தது. அப்படியானால் மூலம் மணலா, புல்லா? வகுத்தவனின் முதல் எண்ணமா, இறுதி எண்ணமா, படம் கிடைத்த ஆண்டா? இன்னும் விந்தை, லிடோ என்னும் மைதானத்தின் கதை. நியூயார்க் அருகே அட்லாண்டிக் கரையில் சதுப்பு நிலத்தை மணலால் நிரப்பி 1917-இல் அமைக்கப்பட்ட அது, இரண்டாம் உலகப் போரின்போது கடற்படையின் வசமாகி அழிந்தது. பீட்டர் ஃபிளோரி என்னும் ஆர்வலர் பழைய படங்களை ஒன்றோடொன்று பொருத்திக் கணினியில் அதன் உருவை வரைந்தார். அவ்வுருவைக் கொண்டு டாம் டோக் என்பவர் 2023-இல் அதே மைதானத்தை மீண்டும் எழுப்பினார். எங்கே? கடலே இல்லாத விஸ்கான்சின் மாநிலத்தின் உள்நாட்டில்! மேடு பள்ளம் யாவும் அளவு பிசகாமல் இருக்கின்றன. அலையோசை மட்டும் இல்லை. எழுத்து அப்படியே இருக்க, ஆசிரியரும் அவையும் இல்லாத ஏடு அது.

படம் 'இப்படி இருந்தது' என்று மட்டுமே கூறுகிறது. 'இப்படி இருக்க வேண்டும்' என்பது பார்ப்பவனின் வாசகம். அதைப் படத்தின் வாயில் ஏற்றுவதே அநீதியின் தொடக்கம். 1943-ஐத் தேர்ந்தோம், இன்ன காரணத்தால் தேர்ந்தோம் என்று வெளிப்படக் கூறுவோரிடம் அமானத் இருக்கிறது. மூலத்தை மீட்டுவிட்டோம் என்று முரசறைவோரிடம் அது குறைகிறது.

மூலத்துக்குத் திரும்புதல் எந்நிலையிலும் நன்மையே என்று எண்ணுவோர்க்கு, நம் வரலாற்றில் உலகனைத்தினும் மேலான ஆலயத்தின் செய்தி இருக்கிறது. விளையாட்டுத் திடலை அதனோடு ஒப்பிடுவதாக எவரும் கருதவேண்டாம். நெறியை உயர்ந்த இடத்திலிருந்தே கற்க வேண்டும். குறைஷிகள் கஅபாவைப் புதுப்பித்தபோது, தூய சம்பாத்தியத்தில் திரட்டிய பொருள் போதாமையால், நபி இப்ராஹீம் (அலை) அவர்களின் அடித்தளத்தில் ஒரு பகுதியை வெளியே விட்டுவிட்டனர். மக்கள் புதிதாக இஸ்லாத்தை ஏற்றவர்களாக இராவிடின் தாம் அதைப் பழைய அடித்தளத்தின் மீதே எழுப்பியிருக்கக் கூடும் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம் தெரிவித்திருந்தார்கள். மூலம் எதுவென்பது ஐயமற அறிந்தவர்கள், அதிகாரமும் உடையவர்கள், ஆயினும் மக்கள் உள்ளம் கலங்குமே என்பதற்காக விட்டுவிட்டார்கள்.

ஹிஜ்ரி 64-இல் மக்கா முற்றுகையின்போது கஅபா தீயால் சேதமுற்றது. அன்னையாரின் சகோதரி மகனான ஹழ்ரத் அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) அவர்கள் மக்களைக் கூட்டி ஆலோசனை கேட்டார்கள். ஹழ்ரத் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள், பழுதுற்றதை மட்டும் செப்பனிட்டு, எந்தக் கற்களைக் கண்டு மக்கள் இஸ்லாத்தை ஏற்றனரோ அக்கற்களை அப்படியே விடுவதே நலம் என்றார்கள். இப்னு ஸுபைர் (ரலி) அவர்களோ, உங்களில் ஒருவர் தம் வீடு எரிந்தால் புதுப்பிக்காமல் மனம் அமைவாரா என்று வினவி, மூன்று நாள் இறைவனிடம் நலம் நாடிய பின் முனைந்தார்கள். தோண்டி அடித்தளத்தைக் கண்டதும், அதன் மீது உடனே கட்டிவிடவில்லை. மக்கள் வந்து கண்ணாரக் காணச் செய்த பின்னரே கட்டினார்கள். சில ஆண்டுகளுக்குள் ஹஜ்ஜாஜ், கலீஃபா அப்துல் மலிக்கின் கட்டளைப்படி அதைக் குறைஷியர் வடிவுக்கே திருப்பினார். அன்னையாரின் அறிவிப்பை வேறொருவர் வாயிலாகவும் கேட்டு உறுதி பெற்றபோது அப்துல் மலிக் வருந்தினார். பின்னர் அப்பாசியக் கலீஃபா ஒருவர் மீண்டும் மூல வடிவுக்குக் கொண்டுவர விரும்பி இமாம் மாலிக் (ரஹ்) அவர்களைக் கேட்டபோது, இறையில்லம் அரசர்களின் விளையாட்டுப் பொருளாகிவிடும், மக்கள் உள்ளத்தில் அதன் கண்ணியம் குன்றும் என்று தடுத்துவிட்டார்கள். இப்னு அப்பாஸ், இப்னு ஸுபைர் (ரலி) ஆகிய இருவரில் எவரும் மூலத்தை மறுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இடையில் வாழ்ந்த மக்களின் காலத்துக்கு மதிப்பு உண்டா என்பதே அவர்களிடையே நின்ற கேள்வி.

நம் ஊர்களிலும் அக்கேள்வி வாசற்படியேறி வந்துவிட்டது. தமிழ் முஸ்லிம்களின் பழைய கடற்கரை ஊர்களில், தமிழ்நாட்டுச் சிற்பிகள் கருங்கல் தூண் நிறுத்திக் கட்டிய பள்ளிவாசல்கள் பல இருந்தன. சில இன்றும் இருக்கின்றன. மற்றவற்றில் தூண்கள் பெயர்க்கப்பட்டு, கான்கிரீட் குவிமாடமும் உயர்ந்த மினாராவும் எழுந்துவிட்டன. இப்போது இளைஞர் சிலர் பாட்டனாரின் பெட்டியிலிருந்து மங்கிய படமொன்றை எடுத்து வந்து, இதுவே நம் பள்ளியின் மூல உருவம், இப்படியே கட்டுவோம் என்கின்றனர். அவர்களின் ஆர்வம் போற்றத்தக்கது. ஆயினும் அப்படத்தில் தெரியும் ஓட்டுக்கூரை எப்போது வந்தது, அதற்கு முன் என்ன இருந்தது, பெண்கள் தொழுத இடம் எப்பக்கம், குளத்துக்குச் செல்லும் வழி படத்துக்கு வெளியே எங்கே போயிற்று என்று ஊர் முதியவர்களைக் கேட்டுவிட்டுக் கல்லை எடுக்க வேண்டும்.

மலைக்கே திரும்புவோம். உதகையின் வென்லாக் வெளியைப் பழைய படங்களில் காண்போர், மரமின்றி அலையலையாய்க் கிடக்கும் புல்மேடுகளைக் கண்டு, தரிசாகக் கிடந்த மலையை வெள்ளையர் மரம் நட்டு வளமாக்கினர் என்று எளிதாக முடிவு கட்டிவிடுகின்றனர். உண்மை நேர்மாறானது. பள்ளத்தாக்குகளில் சோலையும் மேடுகளில் புல்லுமாக இருப்பதே அம்மலையின் இயல்பு. அப்புல்லில் தோடர்களின் எருமைகள் மேய்ந்தன. யூகலிப்டஸும் சீகை மரமும் பிற்பாடு நடப்பட்டுப் புல்லை விழுங்கின. இன்று அம்மரங்களை அகற்றிப் புல்லை மீட்க வேண்டும் என்று இயற்கை அறிஞர்கள் வாதாடுகின்றனர். கோல்ஃப் மைதானத்தின் பழைய தோற்றத்தை விரும்புபவனும், புல்வெளியை விரும்பும் அறிஞனும், மேய்ச்சலை விரும்பும் தோடனும் ஒரே படத்தை மேசையில் வைத்து ஒரே மரத்தை வெட்டச் சொல்லலாம். மூவரும் மீட்க நினைப்பது மூன்று வெவ்வேறு மூலங்கள். இதைப் படம் எப்படித் தீர்த்து வைக்கும்?

சேர்வராயன் மலையில் இவ்வழக்கு இன்னும் கடுமையானது. ஏற்காட்டைச் சூழ்ந்த உச்சிகள் சிலவற்றின் தலைமீது தொப்பிபோல் படிந்திருந்த பாக்சைட்டுக் கனிமம், மேட்டூர் அலுமினியத் தொழிற்சாலைக்காகப் பல ஆண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டது. குழியை மண்ணிட்டு மூடலாம், மரம் நடலாம், போன உயரம் திரும்பாது. முகட்டின் பழைய கோடு எவ்வாறு வளைந்திருந்தது என்பதற்குத் தோட்ட பங்களாக்களில் தொங்கும் படங்கள் ஓரளவு சாட்சியாகலாம். தோட்டத்தைக் காட்டவே எடுக்கப்பட்ட படங்களில் முகடு பின்னணியாக, தற்செயலாக விழுந்திருக்கும். இத்தகைய தற்செயல் சாட்சிக்கே மதிப்பு அதிகம். அலங்கரிக்கும் நோக்கம் அங்கே இல்லை.

அப்படங்களில் பெயரில்லாமல் ஓரத்தில் நிற்பவர் பலர். சுமை தூக்கியவர், காடு திருத்தியவர், காப்பிப் பழம் பறித்தவர். துரையின் பெயரும் அவருடைய நாயின் பெயரும்கூடக் கீழே எழுதப்பட்டிருப்பதுண்டு. இவர்கள் பெயர் இராது. இம்மலையின் பழங்குடிகளான மலையாளிகள் (கேரளத்தாரோடு இவர்களைக் குழப்பிக்கொள்ளலாகாது, மலையை ஆள்வோர் என்பதே பொருள்) தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்தனர் என்று தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகின்றனர். அவர்களிடம் ஆல்பம் இல்லை. எந்த உச்சிக்கு என்ன பெயர், எந்த ஊற்று எந்த மாதம் வற்றும், எந்தச் சரிவில் சாமை விளைந்தது என்பன வாய்மொழியாக இருக்கின்றன. வாய்மொழியும் சோதனைக்கு அப்பாற்பட்டதன்று. சொல்பவனின் நினைவாற்றலும் நேர்மையும் எடைபோடப்பட வேண்டியவையே. ஆயினும் இப்னுஸ் ஸலாஹ் (ரஹ்) அவர்கள் வகுத்த வரிசையில் காதால் கேட்டது முதலிடம், கண்டெடுத்தது எட்டாமிடம். மலையின் மூல உருவத்தைத் தேடுபவர் பெரும்பாலும் பங்களாவின் சுவரில் தொடங்கி, பொழுது மிஞ்சினால் மலைக் கிராமத்துக்குப் போகின்றனர். படங்கள் இன்னும் நூறாண்டு தொங்கும். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மே மாதத்தில் ஏறிவரும் முதியவர்களின் தொகை ஆண்டுக்கு ஆண்டு குறைகிறது.